வாய்விட்டுச் சொல்லாத ஊர்

சித்திரை மாதத்துப் பின்னேரத்தில் தொண்டைமானாற்று வாசிகசாலையின் தகரச் சீற்றுக் கூரைக்குக் கீழே இருப்பதும் ஒன்றுதான், பேக்கரிப் போறணைக்குள்ளே இருப்பதும் ஒன்றுதான். காற்றாடி ஒன்று இருந்தது. அது சுற்றினால் போடுகிற சத்தத்தில் படிப்பிக்க முடியாது. நிற்பாட்டினால் இருக்க முடியாது. தக்சாயினி ரீச்சர் நிற்பாட்டிவிட்டுத்தான் படிப்பித்தாள். பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டு கேட்டார்கள்.

யாழ்ப்பாணம் ரவுணில் உள்ள ஒரு நிறுவனம் பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதைப்போட்டி வைத்திருந்தது. சும்மா கதை இல்லை, ‘ஊகப் புனைகதை’யாம். இல்லாத உலகம் ஒன்றை உண்டாக்கி அதற்குள் கதை நடத்த வேண்டுமாம். தமிழ் படிப்பிக்கிறவள்தானே என்று தக்சாயினியின் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் மானிப்பாய்க்காரி. இடமாற்றத்தில் வந்து, இங்கே ஒரு அறை வாடகைக்கு எடுத்து, சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரியிடம் ஒழுங்குபண்ணி இருந்தாள். இந்த வேலையாவது மனசுக்குப் பிடித்த வேலையாய் வந்ததே என்று அவளுக்கு உள்ளூரப் புளுகமும் சந்தோசமும். ஆளும் அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் அதிலேயே மூழ்கிப்போவாள். பக்கத்தில் யார் மூச்சுத் திணறுகிறார்கள் என்று பார்க்கமாட்டாள்.

“ஊகமெண்டால் என்ன ரீச்சர்? சோதினைக்கு எந்தக் கேள்வி வருமெண்டு பாக்கிறதோ?” என்று முதல் நாளே ஜெரோசன் கேட்டான். வகுப்பில் வாய் கூடினவன் அவன்தான்.

“இல்லையடா. இப்பிடி நடந்தால் எப்பிடியிருக்கும் எண்டு முதல் ஒரு கேள்வி கேக்கவேணும். பேந்து அந்த உலகத்துக்கு ஒரேயொரு விதி. எங்கடை உலகத்திலை இல்லாத விதி. ஒண்டு காணும். பத்து விதி போட்டால் எழுதுற உனக்கே மறந்துபோம்.”

பிள்ளைகள் யோசித்தார்கள். ஜெரோசனுடைய கதையில் ஒரு ரோபோ கனடாவுக்குப் போனது. பிரணவனுடைய கதையில் மனிசருக்குச் செட்டை முளைத்துக் கனடாவுக்குப் பறந்தார்கள். சுபாங்கன் இன்னும் ஒரு படி மேலே போனான். கனடாவே பெயர்ந்து மிதந்துவந்து பருத்தித்துறையில் ஒட்டிவிட்டது.

“அப்ப விசாவும் தேவையில்லை ரீச்சர்.”

சிரித்து முடியத் தக்சாயினி பலகையில் ‘விலை’ என்று எழுதினாள். “விதிக்கு விலை வேணும். பறக்கிறவனுக்குப் பறக்கிறதாலை என்ன குறையுது? சும்மா கிடைக்கிறதுக்குப் பேர் கதையில்லை, லொத்தர்ச் சீட்டு. அந்த விலையைக் குடுக்கிறது ஆர்? அந்த ஆள் ஆரிட்டை எதை மறைக்குது? இதெல்லாம் தெரிஞ்ச பிறகுதான் பேனையைத் தொடவேணும். எழுதாதேங்கோ. அடுத்த கிழமை எழும்பி நிண்டு வாயாலை சொல்லுங்கோ. மற்றவை கேள்வி கேக்கட்டும். பதில் சொல்ல ஏலாத இடத்திலை உங்கடை உலகம் ஓட்டை.”

பின்வாங்கில் இருந்த ஆரபி ஒன்றும் கேட்கவில்லை. கேதீஸ்வரியின் இளைய மகள். பதினைந்து வயது. இருக்கிறதும் தெரியாது, எழும்பிப் போகிறதும் தெரியாது.

கேதீஸ்வரியின் புருசன் சிவசுப்பிரமணியம், இரண்டு வருசத்துக்கு முந்தின கார்த்திகையில் ஒரு பின்னேரம் கடலுக்குப் போனவர். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். காற்று மாறும் என்று கரையில் நின்றவர்கள் சொல்லியும் கேளாமல் தனியப் போனார். ஆளும் இல்லை, படகும் இல்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. என்ஜின் பழுதாகி இந்தியாப் பக்கம் ஒதுங்கியிருப்பார் என்றார்கள். முந்தி ஒருத்தன் பர்மா வரைக்கும் இழுபட்டுப் போய்த் திரும்பி வந்த கதையையும் சொன்னார்கள். சாத்திரம் கேட்ட இடமெல்லாம், ஆள் உயிரோடு இருக்கிறார், தண்ணிக்கரையில் இருக்கிறார் என்றே வந்தது. கேதீஸ்வரி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. துறையில் மீன் வெட்டிக் கொடுத்தும் கருவாடு போட்டும் இரண்டு பெண்பிள்ளைகளையும் பார்த்தாள்.

மூத்தவள் நிவேதனாவுக்கு முப்பத்தொன்று. செவ்வாய்க் குற்றம். குறிப்புப் பொருந்தாமல் பொருந்தாமல் கடைசியில் வல்வெட்டித்துறையில் ஒன்று பொருந்தியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வைகாசியில் லீவில் வருகிறான், விட்டால் பிறகு எப்போது வருவான் என்று கடலுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையின் தாய் இராசாத்தி நல்லவள்தான், ஆனால் சாத்திர சம்பிரதாயத்தில் இம்மியும் விடமாட்டாள். பொம்பிளை பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டாள்: “காணாமல் போனவரெண்டால் எங்களுக்கு ஒண்டுமில்லை மச்சாள். மோசம் போனவரெண்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, ஒரு வருசத்து ஆட்டைத் திவசமும் கழிஞ்சுதான் நல்ல காரியம். அதுமட்டும் எங்களாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் துடக்குக் கதை, சாவுத்தீட்டுக் கதை வந்தது. புட்டும் ஓரா மீன் குழம்பும். கேதீஸ்வரி தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்: “எதிர்வீட்டுச் சனம் போன கிழமை முழுக்கச் சந்நிதி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டதுகள். பிரான்சிலை தமையன் செத்துக் கிடக்கிறான், ஆருக்குத் தெரியும்? நேற்றுத்தான் ரெலிபோன். நேற்றிலையிருந்து துடக்கு.”

“அப்ப போன கிழமை?” ஆரபி கேட்டாள்.

“போன கிழமை இவையளுக்கு அவன் உயிரோடைதானே. கேட்ட நாளிலையிருந்துதான் துடக்கு பிள்ளை. கேக்காத காதுக்கு என்ன துடக்கு?”

தக்சாயினிக்கு மீன் முள்ளோடு பாடாய் இருந்தது. அவள் இதைக் காதில் விட்டதாகவே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஆரபி தானாக எழும்பி நின்றாள். தக்சாயினிக்கே ஆச்சரியம்.

“ஒரு ஊர் ரீச்சர். அங்கை ஆரும் சாகிறேல்லை. உடம்பு போனாலும் சாகிறேல்லை. ஆரேன் ஒராள், இன்னார் செத்துப்போனார் எண்டு வாய்விட்டுச் சொன்னால்தான் சாவினம்.”

தக்சாயினி கதிரையை இழுத்து முன்னுக்குப் போட்டாள். ரோபோவையும் செட்டையையும் கேட்டு அலுத்த காதுக்கு இது தேனாய் இருந்தது. “அட! சொல்லு சொல்லு. விலை என்ன?”

“தெரிஞ்ச ஆள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும். சொல்லாத சொல்லு வாய்க்குள்ளை கிடந்து உப்பாப் போம். பேந்து எதைத் திண்டாலும் உப்பு. தண்ணி குடிச்சாலும் உப்பு.”

“அப்ப ஊரிலை சனம் பெருத்துப் போமே,” என்றான் ஜெரோசன். “இருக்கிற சோறு காணுமோ?”

“அவை திங்கிறேல்லை. அவையளைப் பற்றிக் கதைக்கத்தான் வேணும். நாளைக்கு வருவார், அடுத்த மாசம் வருவார் எண்டு.”

“ஆரின்ரை கதை இது?” தக்சாயினி கேட்டாள்.

“ஒரு பெட்டையின்ரை. தகப்பன் கடலுக்குப் போனவர்.”

பிரணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் துறையடிப் பிள்ளை. தக்சாயினி அதைக் காணவில்லை.

ஜெரோசன் விடவில்லை. “அவளுக்கு எப்பிடித் தெரியும்? ஆள் வரேல்லையெண்டால் வரேல்லைதான். எங்கையேன் ஒதுங்கியிருக்கலாமே.”

“நல்ல கேள்வி!” தக்சாயினி துள்ளினாள். “இந்த இடத்திலை ஏமாத்தக்கூடாது ஆரபி. அவள் தன்ரை கண்ணாலை எதையோ கண்டிருக்கவேணும். என்ன கண்டவள்?”

ஆரபி யன்னலைப் பார்த்தாள். பிறகு ரீச்சரைப் பார்த்தாள்.

“அரைஞாண்.”

“எங்கை?”

“தகப்பன் போய் அடுத்து வந்த தை மாசம் கரையெல்லாம் சாதாளை ஒதுங்கினது. தென்னைக்குப் போட அள்ளிக்கொண்டு வரப் போனவள். கடல்பாசிக் குவியலுக்குள்ளை சிக்கிக் கிடந்தது. வெள்ளி அரைஞாண். கொளுக்கி உடைஞ்சு செப்புக்கம்பியாலை சுத்தியிருந்தது. அவளின்ரை அப்பாதான் சுத்தினவர். அவர் உடுத்திருந்த சாறத்தின்ரை கரைத்துண்டும் அதோடை கிடந்தது. ஆம்பிளையள் உயிரோடை அரைஞாண் கழட்டுறேல்லைத்தானே.”

“செப்புக்கம்பி! பாத்தீங்களோ பிள்ளையள்? உலகம் எவ்வளவு மாயமாயிருந்தாலும் சாமான் நிசமா இருக்கவேணும்.” தக்சாயினி எழும்பிப் போய்ப் பலகையில் ‘செப்புக்கம்பி’ என்று எழுதி அடியில் கோடும் போட்டாள். என்ன சொல்ல! அந்த நேரம் அவளுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. “எங்கை ஒளிச்சவள்?”

“கோழிக்கூட்டுக்குப் பின்னாலை மண்ணுக்குள்ளை தாட்டவள்.”

“ஏன் ஒளிக்கவேணும்?”

“தமக்கைக்குக் கலியாணம் பேசினம். அம்மா தாலி கழட்டவேணும்.”

“அருமை, அருமை. அப்ப எப்ப சொல்லப்போறாள்? கதையின்ரை முடிவே அதுதான். ஆருக்குச் சொல்லப்போறாள்?”

“சொல்லிப்போட்டாள் ரீச்சர்,” என்றாள் ஆரபி.

அதற்குப் பிறகுதான் தக்சாயினி திரும்பி வகுப்பைப் பார்த்தாள். ஒருவரும் விசிறவில்லை. பிரணவன் அழுதுகொண்டிருந்தான். ஆரபி மட்டும் பாரம் இறக்கிவைத்த ஆள் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு, இனி ரீச்சர் பார்த்துக்கொள்வா என்ற நம்பிக்கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வகுப்பில் கதைத்தது வகுப்போடு நிற்கவேண்டும் என்று தக்சாயினி எல்லோரிடமும் கையடித்து வாங்கினாள். ஜெரோசனும் அடித்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் இரவு சாப்பிடாமல் படுத்தவனைத் தாய் விடாமல் குடைந்தாள். தாய் வேறு யாருமில்லை, இராசாத்தியின் தங்கை.

மறுநாள் காலையில் தக்சாயினி போனபோது கேதீஸ்வரி கிணற்றடியில் மீன் கீறிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் கோயிலுக்கு அனுப்பியிருந்தாள். பாரைக் குட்டிகளை நடுவால் பிளந்து, குடலை எடுத்து, உப்பை அள்ளி அப்பி அப்பிப் பாயில் பரப்பினாள். கை நிற்கவில்லை.

“இருங்கோ ரீச்சர். இராசாத்தி மச்சாள் விடியவே ரெலிபோன் எடுத்தவ.”

“அக்கா, எனக்கு விளங்கேல்லை. அவள் சொல்லேக்கை எனக்கு உண்மையா விளங்கேல்லை.”

“உங்களுக்கு விளங்கினதோ எண்டு நான் கேக்கேல்லையே.”

தக்சாயினி வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். “நான் எப்பிடி இதை உங்களுக்குச் சொல்லுறது...”

“சொல்லாதேங்கோ! சொல்லத்தான் வேண்டாம் எண்டுறன்.” கத்தியைக் கீழே வைத்தாள். “கூட்டுக்குப் பின்னாலை புதுமண் கிடந்ததை நான் அண்டைக்கே கண்டனான். நாய் ஏதும் கிண்டிச்சுதோ எண்டு கிளறினன். கிளறிப்போட்டு அப்பிடியே மூடினன்.”

“அக்கா!”

“என்ன அக்கா? அந்தக் கம்பியை அவர் சுத்தேக்கை குறடு பிடிச்சுக் குடுத்தது நான்.”

“தெரிஞ்சுகொண்டோ... அப்ப அவள் ரெண்டு வருசமாத் தனியக் கிடந்து... ஏன் அக்கா அவளோடை ஒரு வார்த்தை கதைக்கேல்லை?”

“கதைச்சால் அவள் சொன்னதாப் போம், நான் கேட்டதாப் போம். கண்டதுக்குத் துடக்கில்லை ரீச்சர், கேட்டதுக்குத்தான். எனக்கு மட்டும் அழத் தெரியாதோ? குளிக்கேக்கைகூடச் சத்தம் வரக்கூடாதெண்டு வாய்க்குள்ளை சீலையை அடைஞ்சுகொண்டு குளிச்சிருக்கிறன். மூத்தவளின்ரை காரியம் முடியட்டும் எண்டுதான் என்ரை அழுகையைப் பின்னுக்கு வைச்சனான். மூண்டு கிழமை. இன்னும் மூண்டே மூண்டு கிழமை பொறுத்திருந்தால் நானே சின்னவளை மடியிலை போட்டு, சொல்லு மோனை எண்டு கேட்டிருப்பன். அதுக்கிடையிலை நீங்கள் பலகையிலை எழுதிக் கோடு போட்டியளாம்!”

எறும்பு மீன் பாய்க்கு வரிசை கட்டி வந்தது. கேதீஸ்வரி சாம்பலை அள்ளிச் சுற்றவரத் தூவினாள்.

“பின்னேரம் மச்சாள் வாறா. நீங்கள்தான் சொல்லவேணும். உது நீங்கள் சொல்லிக்குடுத்த கதை, பிள்ளையின்ரை கற்பனை எண்டு.”

“பொய் சொல்லச் சொல்லுறியள்.”

“நீங்கள் படிப்பிக்கிறதே உதுதானே!”

“ஆரபிக்கு? அவளுக்கு என்ன சொல்லுறது?”

“அவளுக்கு நான் இருக்கிறன். கலியாணம் முடியட்டும்.”

நேராய்ச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லத் தக்சாயினிக்கு வாயும் இருந்தது, நியாயமும் இருந்தது. முப்பத்தொரு வயதுப் பெண்ணின் கலியாணத்தைக் குழப்பிய பழியைச் சுமக்கத்தான் பயம் வந்தது. அந்த வீட்டுச் சோற்றைத் தின்கிற யாருக்குத்தான் வராது?

இராசாத்தி ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஜெரோசனையும் கையோடு பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். நிவேதனா கறுத்துப்போன முகத்தோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இராசாத்தி கோப்பையைத் தொடவில்லை.

“மச்சாள், நான் சண்டைக்கு வரேல்லை. என்ரை பிள்ளைக்கும் ஒரு வாழ்க்கைதானே. துடக்கோடை தாலி கட்டினால் அந்தக் குற்றம் ரெண்டு பேரையும்தான் பிடிக்கும். உவன் சொல்லுறது உண்மையோ?”

கேதீஸ்வரி தக்சாயினியைப் பார்த்தாள். நிவேதனா தக்சாயினியைப் பார்த்தாள். கதவு நிலையில் நின்ற ஆரபியும் பார்த்தாள். அவளுடைய முகத்தில் நேற்றைய நம்பிக்கை இன்னும் அப்படியே இருந்தது.

“அம்மா,” என்றாள் தக்சாயினி, “அது போட்டிக்கு யோசிச்ச கதை. இல்லாத உலகம் ஒண்டை எப்பிடித் திட்டம் போடுறதெண்டு நான்தான் பழக்கினனான். பிள்ளையள் வீட்டிலை காணுற சாமானை எடுத்துச் சோடிக்கிறவை. எல்லாம் கற்பனை.”

“அரைஞாணும்?”

“அதுவும்தான். நிசம்போல இருக்க ஒரு சாமான் வேணுமெண்டு நான்தான் கேட்டனான்.”

“சந்நிதியானாணைச் சொல்லுங்கோ.”

எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. “சந்நிதியானாணை,” என்றாள் தக்சாயினி.

இராசாத்தி ஆரபியைக் கூப்பிட்டாள். “நீ சொல்லு பிள்ளை. பயப்பிடாதை.”

ஆரபி ரீச்சரின் முகத்தில் ஏதோ தேடினாள். தேடினது கிடைக்கவில்லைப்போல. “ஓம் மாமி, கற்பனைதான்,” என்றாள். “ஒரு விதி போட்டால் அதுக்கு விலை வேணுமெண்டு ரீச்சர் சொன்னவ. அதுதான் போட்டனான்.”

“ஐயோ, உங்கடை படிப்பும் நீங்களும்! மனிசரின்ரை வயித்திலை புளியைக் கரைச்சுப்போட்டியள்.” இராசாத்தி ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள். ஜெரோசனின் தலையில் ஒரு குட்டும் விழுந்தது. போகும்போது சொன்னாள்: “கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேணும் ரீச்சர். வராட்டில் எனக்குக் கோபம் வரும்.”

தக்சாயினி போனாள். போகாமல் விடமுடியாது; போகாவிட்டால் சனம் யோசிக்கும். மண்டபத்தில் இராசாத்தி தன் சொந்தக்காரருக்கெல்லாம் அவளைக் காட்டி, “இவதான் பிள்ளையளுக்கு வடிவாப் புளுகப் படிப்பிக்கிற ரீச்சர்,” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சர்பத் தட்டோடு நின்ற ஆரபியும் சிரித்தாள். அவள் வாசிகசாலைப் பக்கம் அதற்குப் பிறகு வரவில்லை.

நாலாஞ்சடங்கும் முடிந்து, பொம்பிளை மாப்பிள்ளை வல்வெட்டித்துறைக்குப் போன அடுத்த நாள், கேதீஸ்வரி ஆள் அனுப்பித் தக்சாயினியைக் கூப்பிட்டாள். வீட்டில் வாழையிலையும் மாலையும் வாடிக் கிடந்தன. அவள் தலை தோய்ந்து, வெள்ளைப் புள்ளிச் சீலை ஒன்றை உடுத்து, நிலத்தில் இருந்தாள். ஆரபியைப் பக்கத்தில் இழுத்து இருத்தினாள்.

“ரீச்சரும் இருக்கட்டும். இனி ஒண்டுக்கும் பயமில்லை. சொல்லு மோனை.”

“என்னத்தை அம்மா?”

“அப்பாவைச் சொல்லு.”

“அப்பா இந்தியாவிலை இருக்கிறார். சாத்திரத்திலை வந்ததுதானே.”

“எனக்குத் தெரியுமடி பிள்ளை. கூட்டுக்குப் பின்னாலை நீ தாட்டதை நான் அண்டைக்கே கண்டனான். நீ உன்ரை வாயாலை சொல்லு. நான் அழவேணும். கீரிமலைக்குப் போய் அந்த மனிசனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யவேணும்.”

ஆரபி தாயின் பிடியிலிருந்து கையை எடுத்தாள். “அண்டைக்கேயோ?”

“ஓமடி.”

“நான் ராவிலை எழும்பியிருந்து தண்ணி குடிக்கேக்கை எல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?”

ஆரபி தாயின் முகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று தக்சாயினி நினைத்தாள். அழவில்லை.

“அங்கை ஒண்டும் இல்லை அம்மா. அது கதை.”

கேதீஸ்வரி எழும்பி ஓடினாள். கோழிக்கூட்டுக்குப் பின்னால் கையாலேயே கிண்டினாள். முழங்கை ஆழத்துக்குக் கிண்டினாள். மண்தான் வந்தது. தள்ளிக் கிண்டினாள், மறுபக்கம் கிண்டினாள். கோழிகள் வந்து கிண்டின மண்ணில் புழுப் பொறுக்கின.

“எங்கையடி? எங்கை கொண்டுபோனனி?”

“மாமி வந்துட்டுப் போன அண்டைக்குக் கடலுக்குள்ளை...” என்று தொடங்கின ஆரபி நிறுத்திக்கொண்டாள். “கற்பனைச் சாமானை எங்கை எண்டு தேடுறது?”

கேதீஸ்வரி மண்ணில் இருந்தபடியே திரும்பினாள். “ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ! நீங்கள்தானே அவள் சொல்லக் கேட்டனீங்கள். உங்கடை வாயாலை சொல்லுங்கோ, நான் கேக்கிறன். கும்பிட்டுக் கேக்கிறன், சொல்லுங்கோ!”

இந்த முறை தக்சாயினி சொன்னாள். “அக்கா, சிவசுப்பிரமணியம் அண்ணை மோசம் போயிட்டார்.”

கேதீஸ்வரி மகளைப் பார்த்தாள். ஓம் என்று அவள் தலையை ஆட்டினால் போதும், அதற்காகத்தான் பார்த்தாள்.

“ரீச்சர் எல்லாருக்கும் முன்னாலை சந்நிதியானாணைக் கற்பனையெண்டு சத்தியம் பண்ணினவ அம்மா,” என்றாள் ஆரபி. “இப்ப வேறை கதை சொல்லுறா. நீங்கள் எதை நம்பப்போறியள்?”

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அரிசி களையத் தொடங்கினாள். நெஞ்சில் அடிக்கத் தூக்கின இரண்டு கையையும் அடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, மண் உதிர உதிரக் கேதீஸ்வரி இருந்தாள்.